காப்புக் கட்டிய கையால் வாங்கிய கருவாடு

நமுனுகுல பக்கத்துத் தோட்டமொன்றில் எனக்கு ஒரு சில்லறைக் கடை இருக்கிறது. முன்பெல்லாம் சாமான் தீர்ந்தால் பதுளை மொத்த வியாபாரிக்கு போன் போடுவேன். அவர் தோட்டத்துக் கதையெல்லாம் ஆறுதலாகக் கேட்டுவிட்டு, சீனி கேட்டால் உப்பு அனுப்புவார். இந்தக் காட்டுமிராண்டித்தனத்திலிருந்து என்னை மீட்க, அவருடைய கம்பெனி ஒரு பில் மெஷினைக் கொண்டுவந்து வைத்தது. நான் விற்பதையெல்லாம் அது அவர்களுடைய கம்ப்யூட்டருக்குச் சொல்லிவிடும். எது குறைந்தாலும் கம்ப்யூட்டரே ஓடர் போட்டு லொறியில் அனுப்பிவிடும்.

“இனிமே நீங்க யோசிக்கவே வேணாம் அண்ணே” என்றார், டை கட்டிக்கொண்டு வந்த அதிகாரி.

“இவரு எப்ப யோசிச்சாரு?” என்றாள் என் மனைவி.

போன வருஷம் மாரியம்மன் திருவிழாவுக்கு என்னைத் தலைவராகப் போட்டார்கள். ஆற்றங்கரையில் கரகம் பாலித்து ஊர்வலமாக வரும் நாளில் தலைவருக்குத்தான் பரிவட்டம் கட்டுவார்கள். அந்தத் துண்டுக்கு நான் எவ்வளவு ஆசைப்பட்டேன் என்பதை வெளியில் சொன்னால் வெட்கம். கோயில் செயலாளருக்கும் அதே ஆசைதான். அவருக்கு வெட்கம் கிடையாது, எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

காப்புக் கட்டினால், அவிழ்க்கும்வரை எந்த லயத்து வீட்டிலும் மீன், இறைச்சி அடுப்பில் ஏறாது. அதனால் காப்புக்கு முதல்நாளே கடையிலிருந்த கருவாட்டையெல்லாம் பாதி விலைக்குத் தள்ளிவிட்டேன். சனம் முண்டியடித்து வாங்கியது. மறுநாள் கடையை மஞ்சள் தண்ணீர் விட்டுக் கழுவி, தலைவர் கடை என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போய்க் காப்புக் கட்டிக்கொண்டேன்.

பதுளைக் கம்ப்யூட்டருக்குக் காப்பும் தெரியாது, கரகமும் தெரியாது. ஆமை வேகத்தில் கருவாடு விற்கிற ஒரு கடை ஒரே நாளில் காலியானதை மட்டும் அது கண்டது. தோட்டத்துச் சனம் கருவாட்டுப் பைத்தியம் பிடித்து அலைகிறது என்று முடிவுகட்டியது. பாவம், மனசில் கெட்ட எண்ணமில்லை. வழக்கத்தைவிடப் பல மடங்கு ஏற்றி அனுப்பிவிட்டது.

கரகத்தன்று, கோயில் வளைவில் தப்பு முழங்கிக்கொண்டிருந்தபோது லொறி வந்து நின்றது. கதவைத் திறக்கும் முன்பே நெத்தலிக் கருவாடும் கட்டாக் கருவாடும் தங்களை அறிமுகம் செய்துகொண்டன.

“நான் ஓடர் போடலியேப்பா!” என்றேன் டிரைவரிடம்.

“நீங்க போடத் தேவையில்லண்ணே. அதுவே போட்டுக்கும்.”

கம்பெனிக்கு போன் போட்டேன். ஒரு பிள்ளை தேன் ஒழுகப் பேசினாள். “மொதல்ல அக்செப்ட் பண்ணுங்க அங்கிள். அப்புறந்தான் ரிட்டர்ன் கேக்கலாம். அனுமதி வர ஒரு வாரம் ஆகும்.”

ஆகக்கூடி, கருவாட்டை வேண்டாமென்று சொல்வதற்கு முதலில் வேண்டுமென்று சொல்ல வேண்டும். லொறியோ கரகம் வரும் பாதையை அடைத்துக்கொண்டு நின்றது. டிரைவர் நீட்டிய போனில், காப்புக் கட்டிய கையாலேயே, தோட்டமே பார்த்திருக்க அந்தப் பொத்தானை அமுக்கினேன்.

பின் லயத்தில் இருக்கிற, சர்ச்சுக்குப் போகும் வேதக்கார மாஸ்டர் மட்டுந்தான் சிரிக்காமல் வந்தார். “எங்க வெறகுக் காம்பராவுல எறக்குங்க அண்ணே. எங்களுக்குத்தான் காப்பு இல்லையே” என்றார். லொறி அவர் வீட்டுக்குப் போனது.

“காப்புக் கட்டின கையாலயே கருவாடு வாங்கிட்டாரு! ஆத்தா பொறுக்குமா?” என்று செயலாளர் குமுறினார். கமிட்டி கூடிப் பேசியது. பரிவட்டத்தைச் செயலாளர் தலையில் கட்டினார்கள். நான் கூட்டத்துக்குப் பின்னால் நின்று அழுதேன். கேட்டவர்களிடம் சாம்பிராணிப் புகை என்றேன்.

காப்பு அவிழ்த்த மறுநாளும் ரிட்டர்ன் அனுமதி வந்திருக்கவில்லை. கருவாட்டை மாஸ்டர் வீட்டிலிருந்து தூக்கிவந்து கடையில் வைத்தேன். பையோடு முதலில் வந்து நின்றவர் செயலாளர். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, “அந்தக் கட்டா இன்னும் இருக்குங்களா, தலைவரே?” என்று கேட்டார்.

‘தலைவர்’ என்ற சொல்லை அவர் வாயால் நான் கேட்டது அதுதான் முதல் தடவை. நல்ல துண்டாகப் பார்த்து நிறுத்துக் கொடுத்தேன்.