சக்கரபாணியைத் திரும்பக் கூப்பிடும் பக்கம்

தாளைத் தலைகீழாகத் திருப்பி, கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு, ஒரு கண்ணை மூடிப் பார்க்கிறார் ஆதிலட்சுமி. படிப்பதற்காக அல்ல. நேராகப் பிடித்தால் எழுத்து நம்மைப் படிக்கக் கூப்பிட்டுவிடும், கோணல் கண்ணில் படாது என்பது அவர் கட்சி. "நேராப் பாத்தா என்னா எழுதியிருக்குதுன்னு மனசு போயிடும்ண்ணா. கவுத்துப் பாத்தாதான் எந்த வரி துருத்திக்கினு நிக்குதுன்னு தெரியும்." துருத்திக்கொண்டு நிற்கிற வரியைக் கண்டுபிடித்துவிட்டால் முகத்தில் ஒரு சந்தோஷம் வரும் பாருங்கள், ஊர்ச்சண்டையில் ஜெயித்தவருக்குக்கூட அப்படி வராது.

தேரடித் தெருவில் தசரதன் நடத்தும் ஜாப் டைப்பிங் கடையில் ஜன்னலோர மேசை அவருடையது. பக்கத்துக் கடை என்னுடையது. காகிதம், கார்பன், ரிப்பன் விற்கிறேன். ஆகையால் நாள் முழுக்க அவரிடம் பேச்சு வாங்குவதும் நான்தான். "உங்க கார்பன் கையில ஒட்டுது, தாள்ல ஒட்ட மாட்டேங்குது" என்று போன வாரம்கூடப் பத்து பேர் முன்னால் சொன்னார். கோபம் வந்தது. என்ன செய்வது, கார்பன் அப்படித்தான் இருந்தது.

வேங்கிக்காலிலிருந்து டவுன் பஸ்ஸில் வருகிறார். வீட்டில் மாடும் கொல்லையும் உண்டு. பால் கறந்துவிட்டுத்தான் கிளம்புவார். நாற்பதைத் தாண்டிவிட்டது. டைப்பிங்கில் ஹையர் பாஸ் செய்த கையோடு இந்த மேசைக்கு வந்தவர், எழுந்து போகவே இல்லை. பட்டா மாற்றக் கோரும் மனு, வேலை கேட்டு விண்ணப்பம், கோர்ட்டுக் காகிதம், கோபித்துக்கொண்டு போன மருமகளுக்கு வக்கீல் நோட்டீஸ் என்று ஊரின் அத்தனை முறையீடும் அவர் விரல் வழியாகத்தான் போயிருக்கிறது. தப்பு விழுந்தால் வெள்ளைத் திரவம் பூச மாட்டார். பிளேடால் சுரண்டி, நகத்தால் தேய்த்து, அதே இடத்தில் சரியான எழுத்தை இறக்கிவிடுவார். வெள்ளை பூசுவது முகப்பருவுக்குப் பவுடர் போடுகிற மாதிரி என்பார்.

இரண்டு வருஷத்துக்கு முன் இந்த மேசைக்கு ஒரு விநோதமான வேலை வந்தது. மெட்ராஸில் கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்றில் இருக்கும் கோதண்டராமன் என்பவர் பௌர்ணமிதோறும் கிரிவலத்துக்கு வருவார், செங்கம் ரோட்டில் ஒரு அறையில் தங்குவார். பெயர், ஊர், சம்பளம் என்று ஆயிரம் பேருடைய விவரத்தைக் கம்ப்யூட்டருக்குள் அடுக்கி வைத்து, கேட்டதும் எடுத்துக் கொடுக்கிற ஒரு புரோகிராமை அவர்கள் செய்திருந்தார்கள். அதை எப்படி உபயோகிப்பது என்று ஒரு கையேடு. நாலு பேர் எழுதியது. ஒருவர் ஒன்று, இரண்டு என்று எண் போட்டிருந்தார், இன்னொருவர் ஏ, பி என்று. ஒருவர் எல்லாவற்றுக்கும் அடிக்கோடு, ஒருவர் எதற்குமே போடவில்லை. கம்ப்யூட்டர் அடித்துக் கொடுத்த தாளோ மங்கல். அதை வைத்துப் படமெடுத்து அச்சுப் போட முடியாது என்று அச்சகத்தார் சொல்லிவிட்டார்களாம். "எல்லாத்தையும் ஒரே மாதிரி ஒழுங்கு பண்ணி அடிச்சுக் குடுங்க மேடம்" என்று தாள்கட்டைக் கொடுத்துவிட்டுப் போனார். கம்ப்யூட்டர் பெற்ற பிள்ளைக்குத் தலை சீவிவிட நம் ஊர் டைப்ரைட்டர் வேண்டியிருந்தது. நான் ஒரு வாரம் இதைச் சொல்லியே சிரித்தேன்.

ஆதிலட்சுமி சிரிக்கவில்லை. அவரே ஒரு சட்டம் போட்டுக்கொண்டார். நாம் கம்ப்யூட்டரில் அடிக்க வேண்டிய வரி தனியாக, கொஞ்சம் உள்ளே தள்ளி. அது திருப்பிச் சொல்லும் வரி இன்னும் உள்ளே தள்ளி. "நாம பேசறது இந்தாண்ட, அது பேசறது அந்தாண்ட. ரெண்டும் கலந்துச்சின்னா யாரு பேசறாங்கன்னே தெரியாது."

முதல் கட்டிலேயே ஒரு கூத்து நடந்தது. அடிக்க வேண்டிய ஒவ்வொரு வரிக்கும் முன்னால் ஒரு புள்ளி இருந்தது. ஈ எச்சம் என்று நினைத்து அத்தனையையும் விட்டுவிட்டு அடித்து அனுப்பிவிட்டார். அடுத்த பௌர்ணமிக்குக் கோதண்டராமன் கட்டோடு வந்து நின்றார். "அது அழுக்கு இல்ல மேடம். நீங்க சொல்லுங்க, நான் ரெடின்னு கம்ப்யூட்டர் போடற புள்ளி. நாம ஒண்ணு கேட்டா பதில் சொல்லிட்டு, அடுத்ததுக்கு மறுபடியும் புள்ளி வச்சிட்டுக் காத்திருக்கும்." முழுதும் திரும்ப அடிக்க வேண்டியதாயிற்று. தசரதன் தாள் வீணானதற்குத் தலையில் கை வைத்துக்கொண்டு புலம்பினார். ஆதிலட்சுமிக்கு அது காதிலேயே விழவில்லை.

அன்றிலிருந்து பிடித்துக்கொண்டது அந்த ஏக்கம்.

"காத்துக்கினு இருக்குமாமேண்ணா" என்றார் மறுநாள். "கேட்டா அங்கியே, அப்பவே பதில் சொல்லுமாம். எத்தினி மனு அடிச்சிருக்கேன் நானு. ஒண்ணுக்காவது என்னா பதில் வந்துச்சின்னு யாரானா வந்து சொன்னாங்களா? வாங்கிக்கினு போறாங்க, போயே போயிடறாங்க. நான் அடிச்சதுக்குப் பதில் வர்றத ஒரு தரம் கண்ணால பாத்துட்டாப் போதும்."

கேலி செய்யலாம் என்று வாயைத் திறந்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் கார்பன் பெட்டியை அடுக்கப் போய்விட்டேன்.

கையேட்டில் உதாரணத்துக்கு ஒரு கம்பெனி உண்டு. அதில் சில ஊழியர்கள், எல்லோரும் கற்பனை. ஆதிலட்சுமிக்கு அவர்கள் பங்காளிகள் மாதிரி. "இந்த சக்கரபாணிக்குத்தான் சம்பளம் கம்மி, பாவம். ஒரு பக்கத்துல ஏத்திக் குடுக்கறாங்க. அப்பறம் பாத்தா, எப்பிடி அழிக்கறதுன்னு காட்டறதுக்கு இந்த ஆளையேதான் அழிக்கறாங்க. வேற ஆளா கிடைக்கல?" அதற்கு அடுத்த பக்கம்தான் அவருக்கு உயிர். அழித்த ஆளைத் திரும்பக் கூப்பிட ஒரு வரி இருக்கிறதாம். அதை அடித்தால் ஒருவர் மீண்டார் என்று கம்ப்யூட்டர் பதில் சொல்லும், சக்கரபாணி பழைய இடத்தில் வந்து நிற்பார். தன் கையால் அந்த வரியை அடித்து, அந்தப் பதில் வருவதைப் பார்க்க வேண்டும். வேறு எதுவும் வேண்டாம்.

கோதண்டராமனும் நல்ல மனுஷர், காட்டுகிறேன் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். மெட்ராஸுக்கு வரச் சொன்னார். மாட்டை யார் பார்ப்பது என்று ஆதிலட்சுமி போகவில்லை. "போய்ட்டு வாங்களேன், மாட்ட நாங்க பாத்துக்க மாட்டமா?" என்றேன். "உங்க கார்பனையே பாத்துக்கத் தெரியல உங்களுக்கு" என்றார்.

இந்தச் சித்திரைப் பௌர்ணமிக்கு வழி பிறந்தது. அரிசி ஆலைக்காரர் ஒருவருக்குக் காட்டுவதற்காகக் காரில் ஒரு கம்ப்யூட்டரையே கொண்டுவந்திருந்தார் கோதண்டராமன். மூன்று மணிக்கு அறைக்கு வரச்சொல்லி ஆள் அனுப்பினார். ஆதிலட்சுமி கடையிலேயே முகம் கழுவி, பொட்டு வைத்துக்கொண்டார். கல்யாண வீட்டுக்குப் போகிற கணக்காய் என்னையும் துணைக்கு அழைத்தார். கூட்டத்தில் ரிக்‌ஷா நகரவில்லை. அவர் இறங்கி நடக்க ஆரம்பித்துவிட்டார். நான் பின்னாலேயே ஓடினேன்.

வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனோம். மேசையில் தையல் மிஷின் பெட்டி அளவுக்கு அது இருந்தது. கண்ணாடி கறுப்பாக இருந்தது. கோதண்டராமன் விசிறியால் விசிறிக்கொண்டிருந்தார்.

"கரண்ட் போயிடுச்சு மேடம். ஆலைக்காரர்கிட்ட பாதி காட்டிக்கிட்டு இருந்தப்பவே போயிடுச்சு."

காத்திருந்தோம். அவர் சோடா வரவழைத்தார். ஆதிலட்சுமி குடிக்கவில்லை. வெயில் ஜன்னலைத் தாண்டி இறங்கியது. கரண்ட் வரவில்லை. கார் டிரைவர் வந்து தலையைச் சொறிந்தார். விடிந்தால் கோதண்டராமன் பெங்களூரில் இருந்தாக வேண்டுமாம், இனி ஒரு வருஷம் அங்கேதான் வேலையாம்.

"மன்னிச்சுக்குங்க மேடம். என்ன பண்றதுன்னே தெரியல" என்றார் கோதண்டராமன். உண்மையாகவே வருத்தப்பட்டார்.

"நீங்க என்னா சார் பண்ணுவீங்க" என்றார் ஆதிலட்சுமி. பிறகு, மிகத் தணிந்த குரலில், "ஒரு தரம் தொட்டுப் பாக்கலாங்களா?"

நாற்காலியை இழுத்துப் போட்டார் கோதண்டராமன். ஆதிலட்சுமி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். விரல்களை வைத்தார். சத்தமே இல்லாத அந்தப் பொத்தான்களில் ஒரு வரியை அடித்தார். உதடு அசைந்ததில் சக்கரபாணியின் பெயர் எனக்குத் தெரிந்தது. வரி முடிந்ததும் அவருடைய இடது கை தானாக மேலே எழுந்து, டைப்ரைட்டரில் அடுத்த வரிக்கு உருளையைத் தள்ளும் கம்பியைத் தேடியது. அங்கே கம்பி இல்லை. உயர்த்திய கையை இறக்காமல், கறுத்த கண்ணாடியைப் பார்த்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார்.