பாஸ்வேர்டு மாறியது எனக்குத் தெரியாது

ஆரணியில் ஒரு பட்டுக் கடையின் பின்னறையில், புடவை டிசைன்களைக் கம்ப்யூட்டரிலிருந்து எடுத்து நெசவாளர்களுக்குக் கொடுப்பது என் வேலை. ஐந்தாவது வரைதான் படித்தேன், கூச்ச சுபாவம். டிசைன்கள் முன்னறைக் கம்ப்யூட்டரில், எல்லோருக்கும் பொதுவான ஃபோல்டரில் இருக்கும். அன்று காலை என் பின்னறைக் கம்ப்யூட்டரில் அது திறக்கவில்லை. பாஸ்வேர்டு தப்பு என்றே வந்தது. ஒயரைப் பிடுங்கிச் செருகினேன். கம்ப்யூட்டரை அணைத்து மறுபடி போட்டேன். நான்தான் எதையோ கெடுத்துவிட்டேன் என்று பயந்து, முன்னறையில் போய்க் கேட்கவும் இல்லை.

“தறி சும்மா நிக்குதுண்ணே, ஜல்தியா குடுங்க!” என்று முள்ளிப்பட்டிலிருந்து வந்திருந்த நெசவாளர் சத்தம் போட்டார்.

அதைக் கேட்டு, கணக்கு எழுதும் பெண் எட்டிப் பார்த்தாள். “பாஸ்வேர்டு நேத்தே மாத்திட்டோமேண்ணே! வாட்ஸ்அப் குரூப்ல போட்டோமே, பாக்கலியா?”

“எந்த குரூப்பும்மா?”

அவள் தன் போனைத் தடவிப் பார்த்தாள். குரல் இறங்கிவிட்டது. “நீங்க இதுல இல்லவே இல்லியே... ஒருத்தரும் கவனிக்கலீங்கண்ணே.”

அவள் சொன்ன புது பாஸ்வேர்டைப் போட்டதும் ஃபோல்டர் திறந்தது. நெசவாளர் டிசைனோடு கிளம்பினார். அவள் என்னையும் குரூப்பில் சேர்த்தாள். அவர்கள் அதுவரை பேசிக்கொண்டது எதுவும் எனக்குத் தெரியவில்லை. என்னைச் சேர்த்த செய்தி மட்டும் இருந்தது. வெகுநேரம் யோசித்து, ‘வணக்கம்’ என்று போட்டேன்.

சுவருக்கு அந்தப் பக்கம் போன்கள் ஒவ்வொன்றாகச் சிணுங்கின. இத்தனை வருடத்தில் அந்த அறைக்கு நானாகச் சொன்ன முதல் வணக்கம் அது என்பது அப்போதுதான் உறைத்தது.