கடைசிப் பக்கத்தை முதலில் படிக்கிறவர்

கொல்கத்தாவின் டாக்குரியாவில் எங்கள் தமிழ் மன்றத்து நூலகம் ஞாயிறு காலை மட்டும் திறக்கும். வருகிறவர்களின் ருசி அறிந்து புத்தகம் எடுத்துக் கொடுப்பது என் வேலை. சம்பளம் கிடையாது. முன்பு சென்னையில் ஒரு நாளிதழில் செய்திகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். யார் எந்த இடத்தில் படிப்பதை நிறுத்துவார்கள் என்று ஊகிப்பது அங்கே படிந்த பழக்கம்.

ஹவுராவிலிருந்து பஸ் மாறி வரும் ஓய்வுபெற்ற ரயில்வே பொறியாளர் ஒருவரை என் வாசகர் என்றே நினைத்திருந்தேன். திருநெல்வேலிக்காரர். குடும்பக் கதைகள் பிடிக்கும். ஆனால் அலமாரி அருகே நின்றபடியே கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் படிப்பார். அதில் சாவோ பிரிவோ இருந்தால் புத்தகத்தைத் திரும்ப வைத்துவிடுவார். அதனால் கடைசிப் பக்கத்தில் யாராவது காபி கலக்குகிற, மழையை வேடிக்கை பார்க்கிற நாவல்களாகத் தேடிப் பிடித்தேன். வாரம் முழுக்க அதற்காகவே படித்தேன். எத்தனை நல்ல புத்தகங்கள் அந்த ஒரு பக்கத்தால் அவருக்குக் கிடைக்காமல் போயின என்பது எனக்கு மட்டுமே தெரியும்.

போன மழைக்காலத்தில், நியூ டவுனில் ஐடி வேலை பார்க்கும் கோவைப் பெண் ஒருத்தி உதவிக்கு வந்தாள். வந்த வேகத்தில் அவரைக் ‘காக்கு’ என்றாள். இங்கே சித்தப்பாவை அப்படித்தான் அழைப்பார்கள். எனக்கு அவர் எப்போதும் சார்தான். ஒரு ஞாயிறு, நான் வேறொருவருக்குத் தேடிக்கொண்டிருந்தபோது, அவள் அவருக்கு ஒரு நாவலைக் கொடுத்து அனுப்பிவிட்டாள். எதுவென்று கேட்டேன். கடைசிப் பக்கத்தில் கதாநாயகியின் சிதை எரியும். அடுத்த வாரம் திட்டு வாங்குவாள் என்று நினைத்தேன். எதிர்பார்த்தேன் என்பதே சரி.

“ராத்திரி தூங்கலம்மா. அப்படி ஒரு எழுத்து” என்றார் அவர், என்னிடம்.

“கடைசிப் பக்கம் பார்க்கலையா சார்?”

“அந்தப் பிள்ள பாக்கக்கூடாதுன்னு சொல்லிட்டா. சரின்னு விட்டுட்டேன்.”

அவ்வளவுதான். நான் வருடக்கணக்கில் சுற்றிப் போன இடத்தை அவள் நேராக நடந்து கடந்துவிட்டாள். அப்படிச் சொல்லிப் பார்க்கலாம் என்றுகூட எனக்குத் தோன்றியதில்லை.

அதன்பின் அவர் வந்ததும் அவள் மேசைக்குத்தான் போனார். அவர்கள் சிரித்துப் பேசும்போது நான் அட்டை கிழிந்த புத்தகங்களுக்குப் பசை தடவிக்கொண்டிருந்தேன், தேவைக்கு மேலாகவே.

பூஜை விடுமுறைக்கு முந்தைய ஞாயிறு அவள் என்னிடம் வந்தாள்.

“அக்கா, காக்குவுக்கு லீவுக்குப் பெருசா ஏதாச்சும் வேணுமாம். எனக்குத் தெரிஞ்சதெல்லாம் குடுத்து முடிச்சாச்சு. நீங்க சொல்லுங்க்கா, நான் குடுத்துர்றேன்.”

“நானே குடுக்கிறேன்” என்றேன்.

எந்தப் புத்தகம் என்று எனக்குத் தெரியும். ஒரு வீட்டின் மூன்று தலைமுறைக் கதை, துயரமான முடிவு. அவருக்காகவே எழுதியதுபோல் இருந்தும் இத்தனை நாள் நீட்டாமல் வைத்திருந்தேன். அவர் வந்ததும் கொடுத்தேன்.

“கடைசிப் பக்கம் மட்டும் இப்ப வேண்டாம் சார்.”

அவர் பிரிக்கவில்லை. கையில் கனம் பார்த்தார். பிறகு அறையின் அந்தப் பக்கம் நின்றவளிடம் உயர்த்திக் காட்டினார்.

“ஏ பிள்ள, இது எப்படி இருக்கும்?”

“நான் படிக்கல காக்கு. அக்கா குடுத்தா நல்லாத்தான் இருக்கும். பயப்படாம எடுத்துட்டுப் போங்க.”

அவள் சொன்ன பிறகுதான் அது அவர் பைக்குள் போயிற்று.