மாமாவின் பகல் சோறு

பேராதனை ஆஸ்பத்திரியிலிருந்து மாமாவை வீட்டுக்கு அனுப்பியபோது, கைகழுவி விட்டார்கள் என்றுதான் அம்மா எடுத்துக்கொண்டாள். குடலில் புற்று. இனி வெட்டிப் பயனில்லை என்றார்களாம். சரி, நான் சமைத்துப் போட்டே என் அண்ணனை எழுப்பி நடக்க வைக்கிறேன் என்று சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அடுப்படிக்குள் போனாள். அம்மா பிடித்தால் பிடித்ததுதான்.

கிழமைக்கொரு தரம், வாரம் தவறாமல் வீட்டுக்கு வந்த மிஸ்ஸி (நர்சை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) பொறுமையாக விளக்கினார். வைத்தியம் நிற்கவில்லை, இனி அது நோவை, அந்த வலியை, அடக்குவதற்கு மட்டும். நோ தலைதூக்குமுன் மணி பார்த்து மருந்து கொடுங்கள். சாப்பாட்டுக்கு மட்டும் வற்புறுத்தாதீர்கள், அந்த உடம்பு இனி அதைத் தாங்காது, கேட்டால் கேட்டதைக் கொடுங்கள். மருந்தை அம்மா ஒரு நிமிஷம் பிந்தாமல் கொடுத்தாள். சாப்பாட்டுப் பேச்சு மட்டும் அவள் காதில் ஏறவே இல்லை. கூடப் பிறந்தவன் பட்டினி கிடக்க, பார்த்துக்கொண்டு இருப்பதா?

மாமா மடவளை பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். உறைப்பு இல்லாமல் அவருக்குச் சோறு இறங்காது. ஆகவே தினமும் பகல் ஒரு தட்டுச் சோறு, கூடவே சிவக்கச் சிவக்கக் கொச்சிக்காய் அள்ளிப் போட்டு இடித்த தேங்காய்ச் சம்பல். மூன்றாம் நாள், நான் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மாமா கட்டிலருகே கூப்பிட்டார்.

"பாப்பா, என்னால முடியல. ஆனா சோறு திரும்பிப் போனா ஒங்கம்மா ஒடஞ்சு போயிருவா. நீ சாப்பிட்டுரு."

மாமா என்றால் எனக்கு உயிர். பத்து வயதில் அவரே ஒரு ரகசியம் தந்தால் விடுவேனா? கதவைச் சாத்திவிட்டுச் சாப்பிட்டேன். எனக்கோ உறைப்பு ஆகாது. கண்ணிலும் மூக்கிலும் ஊற்றும். திணறினால் மாமா பழைய கண்டக்டர் குரலில், "முன்னுக்குப் போங்க, இன்னும் ரெண்டு பேர் ஏறலாம்" என்பார்.

அம்மா வந்து வெறுந்தட்டை எடுப்பாள். போதுமாண்ணே என்பாள். நல்லா இருந்துச்சு தங்கச்சி என்பார் மாமா. இரண்டு பேர் முகமும் தெளிந்திருக்கும். மிஸ்ஸியைத் தோற்கடித்துவிட்டோம் என்று எனக்கு ஒரே பெருமை. அடுப்படியில் எனக்கென்று வைத்த சோற்றையும் அதற்குமேல் சாப்பிட்டாக வேண்டும். பள்ளிக்கூட வெள்ளைக் கவுன் அக்குளில் பிடிக்க ஆரம்பித்தது.

ஒரு கிழமை போயிருக்கும், சம்பலில் உறைப்பு குறைந்தது. பிறகு சம்பலே நின்று, தேங்காய்ப் பாலில் வைத்த உருளைக்கிழங்குக் கறி வந்தது. மாமா அதை நல்ல நாளிலேயே தொடமாட்டார். எனக்கு அதுதான் பிடிக்கும். நோயாளிக்குப் பத்தியம் போலிருக்கிறது என்று நினைத்து வழித்துச் சாப்பிட்டேன்.

ஒரு காலையில் மாமா போய்ச் சேர்ந்தார். நோவென்று ஒரு முனகல் இல்லை. கை அம்மாவின் கைக்குள் இருந்தது.

காரியமெல்லாம் முடிந்து மறுபடி அடுப்பு மூட்டிய அன்று, அம்மா மாமாவின் தட்டில் எனக்குச் சோறு போட்டு உருளைக்கிழங்குக் கறியை ஊற்றினாள்.

"நல்லா சாப்பிடு. ரெண்டு பேரு சோறு சாப்பிட்டுப் பழகுன வயிறு."

எப்படித் தெரியும் என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. பசித்தது, சாப்பிட்டேன்.