பலாப்பழத்துக்கு எண்ணெய் கேட்ட விருந்தாளி

பண்ணை விடுதி நடத்துகிறவன் கண்ணுக்கு, வந்து தங்குகிற ஒவ்வொருவரும் வேறு யாரோ அனுப்பிய ஆளாகத்தான் தெரிவார். சொந்த வீட்டில் ஒரு அறையை முன்பின் தெரியாதவருக்குக் கொடுத்துவிட்டுத் தூக்கம் வராமல் புரண்டவர்களே, உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நெய்வேலிச் சுரங்கத்தில் மண் வெட்டும் ராட்சத இயந்திரத்தை ஓட்டி ஓய்வு பெற்றவன் நான். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, குறிஞ்சிப்பாடி போகிற வழியில் முந்திரித் தோப்புக்குள் வீடு கட்டினோம். ஸ்மார்ட் போன் எல்லார் கைக்கும் வந்துகொண்டிருந்த சமயம். மூத்த மருமகன் இரண்டு அறைகளைப் படம் பிடித்து, ‘முந்திரித் தோப்பில் தங்கலாம், காலைச் சாப்பாடு உண்டு’ என்று இணையத்தில் போட்டுவிட்டார். ஆட்கள் வர ஆரம்பித்தார்கள்.

என் மனைவி செண்பகத்துக்கு ஒரே ஆசை. மூத்தவள் கல்யாணம் வாடகை மண்டபத்தில் நடந்தது. சின்னவள் வளர்மதி கல்யாணமாவது சொந்த வீட்டு வாசலில் பந்தல் போட்டு நடக்க வேண்டும். ஜாதகத்தை நாலு இடத்தில் கொடுத்து வைத்திருந்தாள். அந்த நேரம் பார்த்து டீக்கடையில் ஒரு பேச்சு கிளம்பியது: சுரங்கம் எங்கள் பக்கம் நீளப்போகிறதாம், நிலம் பார்க்க ரகசியமாக ஆள் வருகிறார்களாம். கல்யாணம் முந்துமா, சுரங்கம் முந்துமா? அன்றிலிருந்து யார் கையில் குடை இருந்தாலும் எனக்கு அது அளவுகோலாகத்தான் தெரிந்தது.

சாற்றில் ஏறிய போதை

சென்னையிலிருந்து ஒரு இளம் ஜோடி வந்தது. போன வருஷம் நாசிக் பக்கம் திராட்சைத் தோட்டத்தில் தங்கி விதவிதமாக ஒயின் ருசி பார்த்தார்களாம். “இங்க உங்க தோட்டத்து ஸ்பெஷல் என்ன அங்கிள்?” என்றான் பையன். எங்கள் சமையல் அஞ்சலை அப்போதுதான் முந்திரிப்பழத்தைப் பிழிந்து, தொண்டை கரகரக்காமல் இருக்க உப்புப் போட்டு வடிகட்டி வைத்திருந்தாள். அதை நீட்டினேன். சும்மா நீட்டியிருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை. “எங்க தாத்தா பானையில ஊத்தி இந்த மரத்தடியில புதைச்சது. நேத்துதான் தோண்டினேன்” என்றேன்.

இருவரும் கண்ணாடி டம்ளரைச் சுழற்றினார்கள், மோந்தார்கள், கண்ணை மூடிக்கொண்டார்கள். இரண்டாவது டம்ளரில் பையன் ஒரு முந்திரி மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தன் மேனேஜரைத் திட்டி அழுதான். அந்தப் பெண் அவனை விலக்கிக் கூட்டிக்கொண்டு போகும்போது என்னிடம் சொன்னாள்: “நாசிக்ல மூணு நாள் குடிச்சும் இவருக்கு இப்படி ஏறல அங்கிள்!”

கேரியர் போய் வந்த கதை

அவர்கள் ஊருக்குப் போன கையோடு, ‘அருமையான நாட்டு ஒயின் கிடைக்கும்’ என்று இணையத்தில் எழுதி ஐந்து நட்சத்திரமும் போட்டுவிட்டார்கள். ஆக, நிலம் அளக்கிறவரோடு சேர்த்து மதுவிலக்குப் போலீசுக்கும் நான் பயப்பட வேண்டியதாயிற்று.

அடுத்து வந்தவர் கும்பகோணத்திலிருந்து ஒரு ஓய்வுபெற்ற தலைமையாசிரியை அம்மா. தலையணையைத் தட்டிப் பார்த்தார், பாலை மோந்து பார்த்தார். பிறகு என்னை மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, “இங்க ஏதோ காய்ச்சுறதா எழுதியிருக்காங்களே?” என்று கேட்டார். பேச்சை மாற்ற வேண்டுமே. சுரங்கத்துக் கதை ஒன்றை எடுத்துவிட்டேன். ஒரு நாள் ஷிஃப்டில் என் சாப்பாட்டுக் கேரியர் இயந்திரத்தின் வாளிக்குள் விழுந்து, நிலக்கரியோடு பெல்ட்டில் ஓடி, அனல் மின் நிலையம் வரை போய், நன்றாகச் சூடாகி, சாப்பாட்டு நேரத்துக்குச் சரியாக என்னிடம் திரும்பி வந்தது என்றேன். அந்த அம்மா சிரிக்கவில்லை. மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கேட்டார்: “அப்ப சாம்பார்ல விழுந்த கரியை யார் எடுத்தது?”

எண்ணெய் கேட்டவர்

ஆனி மாதத்தில் தனியாக ஒருவர் வந்தார். வெள்ளை வேட்டி, கையில் தடி. சென்னையிலிருந்து வருவதாகவும் காற்றாட இரண்டு நாள் தங்க வேண்டும் என்றும் சொன்னார். காற்றாட வந்தவர் கட்டிலில் சாய வேண்டுமா இல்லையா? இவர் தோப்பைச் சுற்றி வேலியோரமாகவே நடந்தார். நாலடிக்கு ஒருதரம் நின்று தடியால் தரையைக் குத்தினார். சமையல்கட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தார். தரையைக் குத்துவதைப் பார்த்தால் சுரங்கத்து ஆள். சமையல்கட்டை எட்டிப் பார்ப்பதைப் பார்த்தால் போலீஸ். எந்தப் பக்கம் பயப்படுவது என்றே எனக்குப் புரியவில்லை.

மத்தியானம் அஞ்சலை ஒரு பலாப்பழத்தைக் கொண்டுவந்து போட்டாள். மனுஷர் சட்டைக் கையை மடக்கிவிட்டு, “கொஞ்சம் எண்ணெய் குடும்மா” என்று வாங்கி உள்ளங்கையில் தடவிக்கொண்டு, பழத்தை இரண்டாகப் பிளந்து, விரலில் பால் ஒட்டாமல் சுளை சுளையாக எடுத்து அடுக்கிவிட்டார். அஞ்சலை என்னைக் கொல்லைப்பக்கம் இழுத்துக்கொண்டு போனாள். “ண்ணே, மெட்ராஸ்காரரு பலாப்பழத்தப் பாத்தா கத்தியத் தேடுவாரு. இவரு எண்ணெயத் தேடுறாரு. இந்தாளு நம்ம பண்ணுருட்டிப் பக்கம்தான், வேஷம் போட்டுகினு வந்துருக்காரு!”

இதைவிட மட்டமான தோப்பு இல்லை

சாயங்காலம் அவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து மெதுவாகக் கேள்வி கேட்க ஆரம்பித்தார். நானும் தயாராகத்தான் இருந்தேன்.

“தண்ணி எப்படிங்க?”

“உப்புங்க. மாடுகூட மூஞ்சியத் திருப்பிக்கும்.”

“வூடு கெட்டியா கட்டியிருக்கீங்க போல?”

“எங்க? சுரங்கத்துல வெடி வச்சா, செவுத்துல மாட்டுன காலண்டர்ல தேதி தானா கிழியுது.”

“தோப்பு காய்ப்பு?”

“அணில் வந்து பாத்துட்டு, எனக்காக அழுதுட்டுப் போவுது.” அவர் கேட்காததையும் நானே சேர்த்துச் சொன்னேன்: “ஊரு முழுக்க ஓடுற நிலக்கரி எங்க வேலி வரைக்கும் வந்துச்சுங்க. இந்த மண்ணப் பாத்துட்டு வளைஞ்சு வேற பக்கம் போயிடுச்சு.”

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். “வூட்டுல யாருக்காவது குடிப்பழக்கம் உண்டுங்களா?” ஆகா, போலீஸ்! “கோயில் தீர்த்தம் வாங்கவே எனக்குக் கை நடுங்கும்” என்றேன். “பிள்ளைங்க?” என்றார். நிலம் எடுத்தால் வீட்டில் யாருக்கு வேலை கொடுப்பது என்று பார்க்கிறாராக்கும். “மூத்தவ கட்டிக்கொடுத்த இடத்துல இருக்கா. சின்னவ பாண்டிச்சேரியில நர்ஸ். யாரும் உங்ககிட்ட எதுவும் கேக்கமாட்டோம்” என்றேன்.

மறுநாள் அவர் பஸ் ஏறியதும் செண்பகம் என்னைப் பிடித்துக்கொண்டாள். எல்லாவற்றையும் ஜன்னலோரம் நின்று கேட்டிருக்கிறாள். “ஏங்க, கட்டுன வூட்டயும் வச்ச தோப்பையும் இப்பிடியே கரிச்சுக் கொட்டிகினு இருங்க. சுரங்கமும் வராது, மாப்பிள்ளையும் வரமாட்டான்!”

தட்டோடு வந்தவர்

ஆடி கழிந்த முதல் முகூர்த்த நாளில் வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. முதலில் அந்தத் தடி இறங்கியது. பின்னால் அவர். அவருக்குப் பின்னால் அவர் மனைவி, பழத்தட்டு, வெட்கப்பட்டுக்கொண்டு ஒரு பையன். நிலம் எடுக்கக் குடும்பத்தோடு வந்து தட்டு வைப்பார்களா என்று நான் குழம்பிப்போய் நின்றேன். செண்பகம் கொடுத்த நாலு ஜாதகத்தில் ஒன்று பண்ருட்டியை ஒட்டிய திருவதிகைக்கு, இவர் வீட்டுக்குப் போயிருக்கிறது. பெண் வீட்டைப் பற்றி அக்கம்பக்கத்தில் சாடையாக விசாரிப்பது ஊர் வழக்கம். இந்த மனுஷர் பெண் வீட்டிலேயே அறை எடுத்துத் தங்கி, காலைச் சாப்பாடும் சாப்பிட்டு விசாரித்திருக்கிறார்! லீவுக்கு வந்திருந்த வளர்மதியும் சளைத்தவள் இல்லை. பண்ருட்டி ஆஸ்பத்திரியில் இருக்கும் தோழிக்கு அறைக்குள்ளிருந்தே போன் போட்டு, பையனைத் தோண்டித் துருவி விசாரித்து, திருப்தியான பிறகுதான் புடவை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள். என் ரத்தம்.

சமையல்கட்டில் அஞ்சலை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்த சிரிப்பில் ஒரு தட்டு கீழே விழுந்தது. செண்பகம் என்னைப் பார்த்த பார்வையில், நான் அன்று சொன்ன ஒவ்வொரு பொய்யும் வரிசையாக எனக்கு ஞாபகம் வந்தது. போச்சு, உப்புத் தண்ணீரையும் அழுத அணிலையும் இப்போது சபையில் வைத்துக் கேட்கப்போகிறார் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவர் வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். “இந்தச் சுத்துவட்டாரத்துல நான் விசாரிச்ச வூட்டுல எல்லாம் கெணறு பொங்குது, தோப்பு கொட்டுதுன்னு அளந்தாங்க. சொந்த வூட்ட இவ்ளோ மட்டமா பேசுன மனுஷன் நீங்க ஒருத்தருதாங்க. பொய் சொல்லத் தெரியாத வூட்டுலதான் பொண்ணெடுக்கணும்னு அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன், சம்பந்தி!”

செண்பகம் ஆசைப்பட்டபடி பந்தல் எங்கள் வாசலிலேயே போட்டாயிற்று, சுரங்கமும் இன்னும் இந்தப் பக்கம் வரவில்லை, ஆனால் சம்பந்தி வரும்போதெல்லாம் தடியால் தரையைக் குத்திப் பார்ப்பதை மட்டும் நிறுத்தவில்லை, நானும் அவரை ஜன்னல் வழியாகக் கண்காணிப்பதை நிறுத்தவில்லை.