செம்போத்துச் சாறு

அக்கா தூக்குப்போசியைத் திறந்ததும் மிளகும் சீரகமும் மணத்தன. உள்ளே கறுத்த சாறு, அதில் ஒரு சின்னத் தொடை. “நாட்டுக்கோழிங்கறாரு எங்கூட்டுக்காரரு,” என்று சொல்லி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெருந்துறைக்குப் பக்கத்தில் ஒரு நூல் மில்லில் நாங்கள் வேலை பார்த்தோம். உறவில் அக்கா இல்லை, வயதில் மூத்தவள். பஞ்சைப் பிரித்துப் போடும் இடத்தில் பல வருடங்கள் நின்றதில் தூசி அவள் நெஞ்சில் இறங்கிவிட்டது. டாக்டர் வேலையை விடச் சொன்னார். கணவருக்குத் தறி ஓடாத காலம். அவள் விடவில்லை.

டீ நேரத்தில் மில்லின் பின்வேலிக்குப் போவோம். வேம்பில் குயில் கூவும். பெண்கள் பதிலுக்குக் கூவிச் சிரிப்பார்கள். அக்கா மட்டும் கீழே முள்புதரைப் பார்த்து நிற்பாள். அங்கே ஒரு செம்போத்து ஜோடி கூடு கட்டியிருந்தது. கறுத்த உடம்பு, துரு நிறச் சிறகு, சிவந்த கண். குயிலும் செம்போத்தும் ஒரே குடும்பத்துப் பறவைகள் என்று படித்ததைச் சொன்னேன். “அப்படீங்களா அம்மணி? குயிலு நல்லாத்தான் பாடுது. ஆனா முட்டைய காக்கா கூட்டுல போட்டுட்டுப் போயிருது. இதுக்குப் பாட்டு வரலீங்க, என்னையாட்டம் இருமுது. ஆனா பாருங்க, ஆணும் பொண்ணும் மாறி மாறித் தீனி கொண்டாருது.” அன்று இதை வீட்டிலும் போய்ச் சொல்லியிருக்கிறாள்.

செம்போத்துக் கறி நெஞ்சுச் சளியை அறுக்கும் என்று யாரோ அவள் கணவரிடம் சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை வேலிக்கு வெளியே கண்ணி வைத்தார். திங்கள் காலையில் ஒற்றைப் பறவை ஓணானைக் கவ்விக்கொண்டு கூட்டுக்குள் நுழைந்ததை நாங்கள் இருவருமே பார்த்தோம். மற்றது வரவேயில்லை. மதியம் இந்தப் போசி.

“கொட்டிரலாம்க்கா,” என்றேன்.

“கூடு இருக்கற எடத்த நாந்தான் அம்மணி சொன்னேன். குடுத்தனுப்பறப்ப அவரு மொகத்தப் பாத்தேன். எப்படிக் கொட்டறது?” ஒரு சொட்டு விடாமல் குடித்தாள். அதன்பின் வேலிப் பக்கம் வரவில்லை.

இருமல் குறையவில்லை. மார்கழியில் இறந்துபோனாள்.

காரியம் முடிந்த அன்று வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். அக்காவின் கணவர் பக்கத்தில் வந்து நின்றார்.

“ஏனுங்கம்மணி, அன்னைக்குக் குடுத்துவிட்டது செம்போத்துனு அவளுக்குத் தெரியுமுங்களா?”

“தெரியாதுங்கண்ணா. கோழின்னு நெனச்சுத்தான் குடிச்சாங்க.”

நெடுநேரம் தலையை ஆட்டிக்கொண்டே நின்றார். “அது போதுமுங்க,” என்றார்.

வருடங்கள் ஓடிவிட்டன. இப்போதும் எப்போதாவது பேருந்தில் அவர் ஏறுவார். என்னைக் கண்டால் கைகூப்புவார். இன்னொரு முறை கேட்டுவிடுவாரோ என்று, எனக்கு இன்னும் தூரம் இருந்தாலும், அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிடுகிறேன்.