நூறு கிராம் வெள்ளரிக்காய்

தராசு என்றுதான் நாங்கள் எல்லோரும் அவரைக் கூப்பிடுவோம். பாலைவன நரிகளை ஆராயும் நிலையத்தில் இருபத்திரண்டு வருடமாக எடை போடுகிற மனிதருக்கு வேறென்ன பெயர் பொருந்தும்? நான் அங்கே ஜீப் ஓட்டுகிறேன். அவருடைய மனைவியை அண்ணி என்பேன். அண்ணி போய்ச் சேர்ந்து இரண்டு வருடமாகிறது. அந்த வீட்டில் நடந்ததில் எனக்கும் பங்கு இருப்பதால் பூசி மெழுகாமல் சொல்லிவிடுகிறேன்.

முதலில் அவர் வேலை. வலைக்கம்பி அடித்த கூண்டில் நான்கு நரிகள். ஒவ்வொன்றும் ஒன்றரைக் கிலோகூடத் தேறாது, காது மட்டும் ஊர்ப்பட்ட காது. தினமும் காலையில் கூண்டுக்குள் இருக்கும் தண்ணீர்க் கிண்ணத்தை எடை போடுவார். வெளியே, யாரும் தொடாத இன்னொரு கிண்ணம். இரண்டிலும் வெயிலுக்கு ஆவியான அளவுதான் குறைந்திருக்கும். நரி ஒரு வாய்கூடக் குடித்திருக்காது. பகல் முழுக்க வளைக்குள் சுருண்டு கிடக்கும். வீண் அலைச்சல் கிடையாது. விடுகிற மூச்சின் ஈரம் அந்தக் குழிக்குள்ளேயே தங்குவதால் உடம்பும் அவ்வளவாகக் காயாது. சிறுநீர்கூடக் கொஞ்சமாக, கெட்டியாகத்தான் போகும். தேவையான தண்ணீரை எலியிலும் வண்டிலும் பழத்திலும் எடுத்துக்கொள்ளும். அது எவ்வளவு என்று பார்க்க, போடுகிற தீனியில் கொஞ்சம் எடுத்து மின்சார அடுப்பில் ஒரு நாள் உலர்த்தி மறுபடி எடை போடுவார். குறைந்தது அத்தனையும் தண்ணீர். இதை அவர் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்.

அண்ணி வீட்டிலேயே துணி தைத்துக் கொடுத்தவர். வாய் ஓயாது, கையும் ஓயாது. நாற்பத்தாறு வயதில் இரண்டு சிறுநீரகமும் கைவிட்டன. வாரம் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்தம் செய்ய வேண்டும். ஒரு நாளைக்கு எழுநூறு மில்லிக்கு மேல் தண்ணீர் கூடாது. மீறினால் நீர் நெஞ்சில் கோத்துக்கொள்ளும், இதயம் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"இன்னைக்காவது உங்க நரி தண்ணி குடிச்சுதா?" என்று சாயங்காலம் கேட்பார் அண்ணி.

"இல்லை."

"அப்ப அதுக்கிட்ட ஒரு கிட்னியக் கடன் கேட்டுப் பாருங்களேன்."

தராசு சிரிப்பார். காலையில் அன்றைய தண்ணீரை அளவுக் குவளையில் ஊற்றி வைத்துவிட்டு வேலைக்குக் கிளம்புவார். வெயில் காலத்தில் அண்ணிக்கு நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பார்க்கப் பொறுக்காமல், அண்ணி வெள்ளரிக்காய் சாப்பிடலாமா என்று தராசு நர்ஸிடம் கேட்டார். சாப்பிடலாம் என்றார் நர்ஸ். எவ்வளவு என்று இவர் கேட்கவில்லை. தினமும் ஒரு கிலோ வாங்கி, தோல் சீவி, நறுக்கிக் குளிரவைத்துக் கொடுத்தார். அதைச் சாப்பிடும்போதுதான் அண்ணி முகத்தில் கொஞ்சம் உயிர் வரும்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் ஆஸ்பத்திரியில் எடை ஏறியிருந்தது. இரண்டு கிலோ ஏறலாம் என்ற இடத்தில் நாலு கிலோ. கால் வீங்கியது. படுத்தால் மூச்சு முட்டியது. "வீட்டுல யாருக்கும் தெரியாம குடிக்கிறாங்க சார்" என்றார் நர்ஸ்.

நான்தான் வண்டியில் அவர்களைத் திருப்பி அழைத்து வந்தேன். வழியெல்லாம் அதே பேச்சு.

"குடிச்சியா?"

"இல்லைங்க."

"பொய் சொல்லாத. எடை பொய் சொல்லாது."

"சத்தியமா குடிக்கலைங்க."

அண்ணி என் பக்கம் பார்த்தார். நானாவது ஒரு வார்த்தை சொல்வேன் என்று நினைத்திருப்பார். நான் ரோட்டைப் பார்த்து ஓட்டினேன். நானும் நம்பவில்லை, அதுதான் உண்மை. அந்த வீட்டில் குழாய்த் தண்ணீர் உப்பு, வாயில் வைக்க முடியாது. குடிக்கிற தண்ணீர் கேனில் வரும். கேனை அலமாரிக்குள் வைத்துப் பூட்டினார் தராசு. அந்தப் பூட்டைக் கடையில் வாங்கி வந்து கொடுத்தவன் நான். நினைத்தால் இப்போதும் என்னையே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

அண்ணி சண்டை போடவில்லை. நரியைப் பற்றிக் கேட்பதை மட்டும் நிறுத்திவிட்டார்.

மூன்று வாரம் கழித்து எலி வரத்து குறைந்தது. நரிக்கு வெள்ளரிக்காயும் சேர்த்துப் போடச் சொன்னார் எங்கள் நிலையத்துக் கால்நடை டாக்டரம்மா. வழக்கம்போல் நூறு கிராம் துண்டுகளை எடை போட்டு அடுப்பில் வைத்தார் தராசு. மறுநாள் காலை தட்டை வெளியே எடுத்தபோது நான் பக்கத்தில் நின்றேன். தட்டில் ஏதோ சருகு ஒட்டிக்கொண்டிருந்தது. எடை நாலு கிராம். எடைக் கருவியைச் சரிபார்த்து மறுபடி வைத்தார். நாலு கிராம்தான். அப்படியே முக்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"ஒரு கிலோ குடுத்தேன்டா தம்பி. தினமும் என் கையால ஒரு கிலோ."

எனக்குப் புரிய ஒரு நிமிடம் பிடித்தது. கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீரைத் தினமும் தட்டில் வைத்து ஊட்டிவிட்டு, குவளையை மட்டும் கணக்கு வைத்திருக்கிறார். நரிக்கு இருபது வருடமாகப் போட்ட கணக்கைப் பெண்டாட்டிக்குப் போடத் தோன்றவில்லை.

வண்டியை எடுத்தேன். வீட்டில் அண்ணி சுவரில் சாய்ந்து, ஒரு பாவாடையின் ஓரத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். தராசு முதலில் அலமாரிப் பூட்டைத் திறந்தார். பிறகு தரையில் உட்கார்ந்து, அடுப்பு, நூறு கிராம், நாலு கிராம் எல்லாவற்றையும் சொன்னார். "நீ குடிக்கலை. எனக்கு இப்பத் தெரியும். உன்னை நான் நம்புறேன்" என்றார்.

அண்ணி பிரித்த நூலை விரலில் சுற்றிக்கொண்டே கேட்டார்:

"என்னையா நம்புறீங்க? அந்த அடுப்பைத்தானே நம்புறீங்க?"

வெள்ளரிக்காய் அன்றே நின்றது, எடையும் இறங்கியது. ஆனால் இதயம் ஏற்கெனவே களைத்துப் போயிருந்தது. அண்ணி அதற்குப் பிறகு நாற்பது நாள் இருந்தார். குவளைத் தண்ணீரை முழுசாகக் குடிக்காமல், மிச்சத்தை அப்படியே அவர் கண்ணில் படும்படி வைத்துவிடுவார். அவர் எவ்வளவு கெஞ்சினாலும், ஒரு நாள்கூட அதைக் குடித்து முடிக்கவில்லை.